கணக்கோடு கேட்போம்

கிராமத்து மதுத் தடுப்புக் குழுக்களும் நிதி விண்ணப்பமும்

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பது எமது ஊர்ப் பழமொழி. முகாம்களில் வாழ்ந்த காலத்தில் அதன் உண்மையை நாம் எல்லோரும் அனுபவித்தோம். கூப்பன் அட்டைக்கும், தறப்பாளுக்கும், உலர் உணவுக்கும், பின்னர் வீட்டுத் திட்டத்துக்கும் நாம் நிரப்பிய படிவங்கள் எத்தனை! அநேகமாக எல்லாப் படிவங்களும் எம்மிடம் ஒரே கேள்வியையே கேட்டன: நீங்கள் எதை இழந்தீர்கள்? வீடு, மாடு, உழவு இயந்திரம், தென்னை, பிள்ளை என்று இழந்தவற்றை நிரைப்படுத்தி எழுதினோம். எழுதுவது என்றாலே இழப்பை எழுதுவதுதான் என்று எமது கை பழகிவிட்டது.

நிவாரணம் கேட்ட நாட்களில் இந்தப் பழக்கம் உதவியது. ஆனால் ஊரில் பரவும் குடியையும் போதைவஸ்தையும் தடுக்கவென்று ஒரு சங்கம் நிதி கேட்கும்போது, இதே பழக்கம் எம்மைத் தோற்கடிக்கின்றது. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகின்றோம்.

திரும்பி வந்த விண்ணப்பம்

சில ஆண்டுகளுக்கு முன், வன்னியில் மீளக் குடியேறிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்தினர் எம்மிடம் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார்கள். கசிப்பை ஒழிக்கவென்று அவர்கள் ஒரு நிறுவனத்திடம் உதவி கேட்டிருந்தார்கள். ஏற்க இயலவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது.

"சுவாமி, எங்கட கஷ்டம் எல்லாம் எழுதினனாங்கள். வாசிச்சவைக்கு மனம் இரங்கேல்லையோ?" என்று சங்கத் தலைவி கேட்டார்.

விண்ணப்பத்தின் பிரதியை வாங்கி வாசித்தோம். மூன்று பக்கங்கள். முதல் இரண்டிலும் யுத்தமும் இடப்பெயர்வும் வறுமையும். மூன்றாம் பக்கத்தில் "குடியினால் எமது சமுதாயம் அழிந்துகொண்டிருக்கின்றது" என்று ஒரு பந்தி. கடைசியில் கேட்கப்பட்டவை: ஓர் ஒலிபெருக்கி, ஊர்வலத்துக்கு 200 ரீசேட்டுகள், பதாதைகள், விழாவுக்கு மதிய உணவு. இவற்றால் 500 இளைஞர்கள் குடியைக் கைவிடுவார்கள் என்று வாக்குறுதியும் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கிராமத்தில் இருந்ததோ 140 குடும்பங்கள்.

பட்டினத்தில் கூலிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஒருவரே அதை எழுதியவர். தமது பெயரில் என்ன வாக்குறுதி போயிருக்கின்றது என்பது தலைவிக்கே தெரியாது. அந்த நிதி கிடைத்திருந்தால், ஆண்டு முடிவில் 500 இளைஞருக்கும் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான். நிதி கிடைக்காமற் போனது ஒருவகையில் நல்லதே என்று எமக்குத் தோன்றியது.

கடதாசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஊரைப் பற்றிச் சொல்லும்படி கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல நாம் வியந்தோம். கசிப்பு விற்பது மூன்று இடங்களில். கூலி கொடுக்கும் சனிக்கிழமைகளில் வியாபாரம் கூடும். காலபோக அறுவடை வரை கடனுக்குக் கொடுத்து, நெல் விற்ற காசில் வீட்டுக்கு வந்தே அறவிடுவார்கள். அந்த ஆண்டு பாடசாலையை விட்ட ஆறு பையன்களில் நால்வர் வயலுக்குப் போய்ப் பின்னேரம் குளக்கட்டடியில் குடிப்பவர்கள். அம்மாமார் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீடுகள் எவை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதை ஏன் நீங்கள் எழுதவில்லை?"

"இதெல்லாம் எழுதுற விசயமோ சுவாமி?"

எழுதுகிற விசயம் இதுதான். கிராமத்துத் தடுப்புக் குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சியை நாம் தொடங்கியது அந்த ஒரு கேள்வியிலிருந்துதான்.

முதலில் கொப்பி, பிறகு படிவம்

எமது பயிற்சி மூன்று நாட்கள். முதல் நாள் எவருக்கும் விண்ணப்பப் படிவம் கொடுப்பதில்லை. படிவத்தைக் கண்டவுடன் எமது மக்கள் ஊரை மறந்து, நிறுவனத்துக்குப் பிடித்த சொற்களைத் தேடத் தொடங்குகிறார்கள். ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கொப்பி மட்டும். வயதில் மூத்தவர்களும் தாய்மாரும் சொல்ல, படித்த ஒரு தங்கச்சியோ தம்பியோ எழுதுவார். முழுவதும் தமிழிலேயே எழுதப்படும். ஆங்கிலம் வேண்டுமென்றால் பின்னர் மொழிபெயர்க்கலாம். ஊருக்கு விளங்காத மொழியில் பிறந்த திட்டத்தை ஊர் தன் திட்டம் என்று எண்ணாது.

அந்தக் கொப்பியில் முதலில் எழுத வேண்டியது எண்ணிக்கை. இதில் பிற நாட்டாரின் அனுபவம் எமக்கு உதவுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1997 ஆம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. இளைஞரிடையே போதைப் பழக்கத்தைத் தடுக்க உள்ளூர்க் கூட்டமைப்புக்களுக்கு அரசாங்கம் நேரே நிதி வழங்குவதற்கான சட்டம் அது. நிதி பெற்ற குழுக்கள் நான்கு விடயங்களைத் தொடர்ந்து அளந்து காட்ட வேண்டும் என்று கேட்கப்பட்டது. கடந்த 30 நாட்களில் எத்தனை பிள்ளைகள் பாவித்தார்கள்? பாவிப்பது ஆபத்து என்று எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? பெற்றோர் இதைப் பிழையென்று கருதுவார்கள் என எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? கூட்டாளிகள் பிழையென்று கருதுவார்கள் என எத்தனை பேர் எண்ணுகிறார்கள்?

இந்த நான்கு கேள்விகளுக்கும் பெரிய ஆராய்ச்சியாளர் தேவையில்லை. அதிபரினதும் பெற்றோரினதும் அனுமதியோடு, 9 ஆம், 10 ஆம், 11 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறு துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் எழுதாமல் அடையாளம் இட்டு ஒரு பெட்டியில் போடச் சொன்னால் போதும். ஆசிரியர் பக்கத்தில் நிற்கக் கூடாது. கையெழுத்தால் பிடிபடாதபடி புள்ளடி மட்டுமே இட வேண்டும். "எமது ஊரில் குடி மலிந்துவிட்டது" என்ற வசனத்துக்கும், "துண்டு நிரப்பிய 60 மாணவரில் 13 பேர் கடந்த 30 நாட்களில் மது அருந்தியதாகக் குறித்தனர்" என்ற வசனத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முதலாவதை எந்த ஊரும் எழுதலாம். இரண்டாவதை எழுத, ஊரைக் கேட்டறிந்தவரால் மட்டுமே முடியும்.

ஏன்? ஏன் இங்கே?

எண்ணிக்கைக்கு அடுத்தது காரணம். அமெரிக்கக் கூட்டமைப்புக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் காட்கா என்ற அமைப்பு 1992 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. அதன் பயிற்சியில் இரண்டு எளிய கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஏன்? ஏன் இங்கே? நாமும் இவற்றையே கேட்கின்றோம்.

ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டால் வேலையின்மை, விரக்தி, யுத்தத்தின் தாக்கம் என்று பதில் வரும். இவை உண்மைதான். ஆனால் அடுத்த ஊரிலும் வேலையின்மை இருக்கின்றது. அங்கே இல்லாதது எது இங்கே இருக்கின்றது? இப்படிக் கேட்டதும் மண்டபம் சற்று நேரம் அமைதியாகிவிடும். பிறகு ஒருவர் சொல்வார்: வயலால் வரும் பாதை அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் வருகின்றது. இன்னொருவர் சொல்வார்: கரப்பந்தாட்டம் ஆடிய காணி பற்றை மண்டிக் கிடக்கின்றது. ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்பா போத்தல் வாங்கப் பிள்ளையைத்தான் அனுப்புறார்."

இவை சிறிய காரணங்களாகத் தெரியலாம். ஆனால் இவைதான் ஊரின் கைக்கு எட்டும் காரணங்கள். விரக்தியை ஒரு வருடத் திட்டத்தால் ஒழிக்க முடியாது. பற்றையை வெட்டலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருக்கலாம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்கு உட்பட்டவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பது குற்றம். அச்சட்டம் எமது கிராமத்துக்கும் உரியதே. கசிப்போ எந்த வயதினருக்கும் சட்டவிரோதமானது.

ஊர்வலத்தால் என்ன நடக்கும்?

மூன்றாவது, செய்யப் போவது என்ன என்பது. இங்கேதான் அதிகமான விண்ணப்பங்கள் வழுக்கி விழுகின்றன. ஊர்வலம், பதாதை, வீதி நாடகம், ஒரு நாள் கருத்தரங்கு என்று எழுதிவிடுகிறோம். இவை ஊரைக் கூட்டும், பேச வைக்கும். தனியே இவற்றால் ஒரு பையன் குடியாமல் இருப்பானா?

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றங்களுக்கான அலுவலகம் 2013 ஆம் ஆண்டு போதைத் தடுப்புக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து 2018 இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய அந்நூல், தகவல் மட்டும் கொடுப்பதும், பயமுறுத்துவதும், முன்னர் போதைக்கு அடிமையாயிருந்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பதும் பலன் தருவதாகக் காணப்படவில்லை என்று கூறுகின்றது. பெற்றோருக்குப் பிள்ளை வளர்க்கும் திறனில் பயிற்சி, முன்பள்ளிக் கல்வி, பாடசாலையில் வாழ்க்கைத் திறன் பயிற்சி, மது எளிதிற் கிடைப்பதைக் கட்டுப்படுத்தல், இவற்றை ஊரார் கூடிச் சேர்த்துச் செய்தல் ஆகியவற்றுக்கே ஆதாரம் உண்டு.

ஐஸ்லாந்து என்ற சிறிய நாட்டை எடுத்துக்கொள்வோம். 1998 ஆம் ஆண்டு அங்கே 15, 16 வயது மாணவரில் 42 வீதமானோர் முந்திய 30 நாட்களில் ஒரு முறையாவது வெறி கொள்ளக் குடித்திருந்தார்கள். 2016 இல் அது 5 வீதமாகக் குறைந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? மாணவரிடம் தவறாமல் கணக்கெடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் அதன் முடிவை உடனே கொடுத்தார்கள். பாடசாலைதோறும் பெற்றோர் ஒன்றுகூடி, இரவில் பிள்ளைகள் வெளியே திரிவதில்லை என்று தமக்குள் உடன்படிக்கை செய்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப் பணம் செலவிடப்பட்டது. அது செல்வம் மிக்க நாடு, எமது நிலைமை வேறு என்பது உண்மை. ஆனால் கணக்கெடுப்பதற்கும் பெற்றோர் கூடி உடன்படுவதற்கும் செல்வம் தேவையில்லை.

ஆகவே குழுக்களிடம் நாம் சொல்வது இதுதான்: கொப்பியில் "ஏன் இங்கே" என்ற பக்கத்தில் எழுதிய ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு செயலை எழுதுங்கள். எந்தக் காரணத்துக்கும் எதிரே நிற்காத செயலை, அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், வெட்டிவிடுங்கள். பிறகு நோக்கத்தை ஒரே வசனத்தில் எழுதுங்கள். யார், எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "அடுத்த ஆண்டு இதே மாதம் மீண்டும் துண்டு நிரப்பும்போது, 60 பேருக்கு 13 என்ற எண்ணிக்கையை 9 ஆகக் குறைத்தல்" என்பது நோக்கம். "போதையற்ற சமுதாயத்தைக் கட்டியெழுப்புதல்" என்பது ஆசை. ஆசை நல்லதுதான், ஆனால் அதை அளக்க முடியாது.

எம்மிடம் என்ன இருக்கின்றது?

நான்காவது வரவுசெலவு. முன்பு சொன்ன அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அரசாங்கம் கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈடாக ஒரு டொலர் பெறுமதியை ஊர்க் கூட்டமைப்பு தன் பங்காகக் காட்ட வேண்டும். நிதி பத்து ஆண்டுகள் வரை கிடைக்கலாம். ஏழாம், எட்டாம் ஆண்டுகளில் ஊரின் பங்கு 125 வீதமாகவும், ஒன்பதாம், பத்தாம் ஆண்டுகளில் 150 வீதமாகவும் உயரும். வெளியார் உதவி முடியும் நாளுக்கு ஊரைத் தயார்ப்படுத்தும் வழி இது. அந்தப் பங்கு காசாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொண்டர்களின் நேரம், இலவசமாகக் கிடைக்கும் இடம், பொருட்கள் என்பனவும் பெறுமதியிட்டுக் கணக்கில் சேர்க்கப்படும்.

எமது மக்களுக்கு இது புதிய செய்தி. "எங்களிட்ட என்ன கிடக்கு?" என்பதே முதற் பதில். கணக்குப் பார்ப்போம். சங்கத்தில் 12 பேர் வாரத்துக்கு 2 மணித்தியாலம் வீதம் 50 வாரங்கள் வேலை செய்தால் 1,200 மணித்தியாலம். ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம் என்று பார்த்தால் 150 நாட்கள். ஒரு நாட்கூலி 2,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஊரின் உழைப்பு மட்டும் 3 இலட்சம் ரூபா. இதற்கு மேல் வாசிகசாலை மண்டபம், விளையாட்டுக் காணி, பற்றை வெட்டும் சிரமதானம், உழவு இயந்திரம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு வயோதிபர் எழுந்து வந்து அதைத் தடவிப் பார்த்தார். இழந்ததை எழுதியே பழகியவர் அவர். தம்மிடம் உள்ளது எழுதப்பட்டதை அன்றுதான் கண்டார்.

கேட்கும் தொகையிலும் நேர்மை வேண்டும். வெட்டுவார்கள் என்று எண்ணிக் கூட்டிக் கேட்பது எமக்குள் ஊறிய பழக்கம். நிறுவனத்தார் அதை அறிவார்கள். ஒவ்வொரு செலவும் ஒரு செயலோடு இணைந்திருக்க வேண்டும். விலையைக் கடையில் கேட்டு எழுதி, கேட்ட துண்டை இணையுங்கள்.

கவனிக்க வேண்டிய மூன்று விடயங்கள்

ஒன்று, பெயர்கள். குடிப்பவர் பெயரோ, விற்பவர் பெயரோ, பாதிக்கப்பட்ட பிள்ளையின் படமோ விண்ணப்பத்தில் இருக்கக் கூடாது. கடதாசி பல கை மாறும். ஒருவரின் பெயரை எழுதுவது அவர் வீட்டுக்கு அவமானத்தையும், எழுதிய பெண்ணுக்கு ஆபத்தையும் கொண்டுவரலாம். "மூன்று விற்பனை இடங்கள்" என்ற எண்ணிக்கையே போதும்.

இரண்டு, தடுப்பும் சிகிச்சையும் வேறு. நெடுநாட்களாக மிகுதியாகக் குடித்த ஒருவரைத் திடீரென மறிக்கும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். அவரை வைத்தியசாலைக்கு வழிகாட்டுவதே சங்கத்தின் கடமை. "குடிகாரரைத் திருத்துவோம்" என்று விண்ணப்பத்தில் வாக்குறுதி கொடுக்க வேண்டாம்.

மூன்று, காசு எங்கிருந்து வருகின்றது என்பது. மதுவும் சிகரெட்டும் விற்று வந்த பணத்தை மது ஒழிப்புக்கு வாங்கினால், ஊரில் எவர் எம்மை நம்புவார்? அக்கம்பனிகளின் விளம்பரத்தையும் அனுசரணையையும் 2006 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கின்றது. கொடுப்பவர் யார் என்று கேட்டறிவது நன்றியீனம் ஆகாது.

இரண்டாம் விண்ணப்பம்

மூன்றாம் நாள் மாலை, ஒவ்வொரு குழுவும் தன் விண்ணப்பத்தை வேறு ஊர்க் குழுவிடம் வாசிக்கக் கொடுக்கும். வாசித்தவர்கள் அந்த ஊரைக் கண்டதில்லை. நிறுவனத்தின் மேசையில் இருப்பவரும் கண்டதில்லை. அவர்களுக்கு விளங்காத இடத்தை உடனே திருத்த வேண்டும். ஊருக்குத் திரும்பிய பின், பொதுக் கூட்டத்தில் முழுவதையும் உரத்து வாசிக்க வேண்டும். "இதைச் செய்ய நாங்கள் உடன்படுகிறோமா?" என்று கேட்ட பின்னரே கையெழுத்து.

அந்த மாதர் சங்கம் மறுபடியும் விண்ணப்பித்தது. முதன்முறை கேட்டதில் பாதியிலும் குறைவாகவே கேட்டார்கள்: விளையாட்டுக் காணிக்கு வலையும் பந்தும் இரண்டு விளக்குகளும், பெற்றோர் வகுப்புக்கு வளவாளரின் போக்குவரத்துச் செலவு, துண்டுக் கடதாசி அச்சிடும் செலவு. ஊர்ப் பங்கை முதற் பக்கத்திலேயே எழுதினார்கள். ஓராண்டுக்கு நிதி கிடைத்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஒரு விளக்குத்தான் போட முடிந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டோம். மூன்று விற்பனை இடங்களில் ஒன்று பின்னரும் இயங்கியது. ஆனால் பிள்ளைகளைப் போத்தல் வாங்க அனுப்புவதில்லை என்ற உடன்பாட்டில் 90 வீடுகள் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு துண்டு நிரப்பும் வேலையை நிதி இல்லாமலே சங்கம் தொடர்ந்தது. கணக்கெடுத்தபோது எண்ணிக்கை குறைந்திருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதையும் ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினார்கள். அந்த அறிக்கையை வாசித்த நிறுவனத்தார் ஊருக்கு நேரில் வந்தார்கள்.

தலைவி பின்னர் பக்கத்துக் கிராமத்துக் குழுவுக்குக் கொப்பி எழுதப் பழக்கினார். அங்கேயும் ஒரு பெண், இதெல்லாம் எழுதுற விசயமோ அக்கா என்று கேட்டாராம்.

நிதி வரும், முடியும். நிறுவனங்கள் வரும், போகும். இடம்பெயர்ந்து வாழ்ந்த எமக்கு இதை எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஊரைப் பற்றி ஊர் எழுதி வைத்த கொப்பி ஊரிலேயே இருக்கும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். முதற் பக்கத்தில் உங்கள் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள், எத்தனை விற்பனை இடங்கள் என்று எழுதுங்கள். படிவம் பிறகு வரட்டும்.